டேப்பட் சத்தம்

எஞ்சினுக்குள் கேம் ஷாஃப்ட் சுற்றுகிறது. வால்வு மேலும் கீழும் போய் வருகிறது. கேமின் சுழற்சியை வாங்கி, அதை ஏறி இறங்கும் அசைவாக மாற்றி வால்வின் பக்கம் தள்ளிவிடும் சிறிய உறுப்புக்கு டேப்பட் என்று பெயர். கேமைப் பின்தொடர்வதால் கேம் ஃபாலோயர் என்றும், வால்வைத் தூக்குவதால் வால்வு லிஃப்டர் என்றும் பாடப்புத்தகங்கள் இதையே சொல்கின்றன. கட்டைவிரல் பருமனில், அடியில் தட்டையான முகத்தோடு, மேலே ஒரு குழியோடு இருக்கும் வார்ப்பிரும்புத் துண்டுதான் இதன் பழைய, எளிய வடிவம்.

கள்ளக்குறிச்சியில் சேலம் சாலையிலும் துருகம் சாலையிலும் கச்சிராயபாளையம் சாலையிலும் இருக்கும் பட்டறைகளில் இந்தச் சொல் இதைவிட அகலமாகப் புழங்குகிறது. ‘டேப்பட் பாக்கணும்’ என்றால் அந்தத் துண்டைக் கழற்றிப் பார்ப்பது என்று பொருள் அல்ல. வால்வின் நுனிக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே உள்ள சந்தை அளந்து சரிசெய்வது என்று பொருள். சந்து கூடிப்போனால் ‘டேப்பட் லூஸ்’, குறைந்துபோனால் ‘டேப்பட் டைட்’, அதனால் எழும் டக்டக் ஒலி ‘டேப்பட் சத்தம்’, அதன் மேல் இருக்கும் மூடி ‘டேப்பட் கவர்’. நூறு சிசி பைக்குகள் பலவற்றில் டேப்பட் என்ற தனி உறுப்பே கிடையாது. ராக்கர் நேராகக் கேமின் மேல் உரசுகிறது. ஆனாலும் அந்த பைக்குக்கு ‘டேப்பட் வைக்க’ ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பெயர் இன்று உறுப்பைவிடச் சந்துக்கே அதிகம் பொருந்துகிறது. ஒரு வகையில் அது சரியும்கூட, ஏனென்றால் செலவு வைப்பதும் செலவைக் காப்பதும் அந்தச் சந்துதான்.

பெட்ரோல், டீசல் எஞ்சின்களுக்கு வெகுகாலம் முன்பே டேப்பட் இருந்தது. தாமஸ் நியூகோமன் 1712-இல் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் நீர் இறைக்க நீராவி எஞ்சினை நிறுவினார். அந்த வகை எஞ்சின்களில், அசையும் உத்தரத்திலிருந்து ஒரு கம்பம் தொங்கும். அது ஏறி இறங்கும்போது அதில் செருகிய முளைகள் வால்வுகளின் கைப்பிடிகளைத் தட்டித் திறக்கும், தட்டி மூடும். அப்படித் தட்டும் முளையைத்தான் டேப்பட் என்றார்கள். விசைத்தறியிலும் இந்தப் பெயர் உண்டு: பாவு நூல்களைப் பிரித்து நாடா போக வழிவிடும் மிதியை அழுத்துகிற கேம் அங்கே டேப்பட். சேலம் பக்கத்துத் தறிக்காரரும் கள்ளக்குறிச்சி மெக்கானிக்கும் ஒரே சொல்லைச் சொல்லி வேறுவேறு பொருளைக் காட்டுவார்கள்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்குக் குறைந்தது இரண்டு வால்வுகள். ஒன்று காற்றை அல்லது காற்றும் பெட்ரோலும் கலந்ததை உள்ளே விடும் இன்லெட். மற்றொன்று எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றி முடிப்பதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒருமுறை திறந்து மூட வேண்டும். அதனால் கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றும்படி பல்சக்கரமோ செயினோ பூட்டப்படுகிறது.

இந்த வட்டாரத்தின் கிணற்று மேடுகளில் ஒரு காலத்தில் எங்கும் கேட்ட ‘ஆயில் எஞ்சின்’ இதற்கு நல்ல உதாரணம். கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் கம்பெனி புனேயில் 1946-இல் தொடங்கப்பட்டது. அதன் ஏவி1 என்ற ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் 5 குதிரைத்திறன் தரும், நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும். அப்படியானால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 750 முறை திறந்து மூடுகிறது. கரும்புக்கோ நெல்லுக்கோ ஆறு மணி நேரம் தண்ணீர் கட்டினால் ஒரு வால்வு 2,70,000 முறை தட்டு வாங்கியிருக்கும். 1990-இல் விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் என்றான பிறகு கிணற்றடியில் மோட்டார்கள் பெருகின. ஆயில் எஞ்சின் பின்னுக்குப் போனது. ஆனால் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் டிராக்டராகவும் பைக்காகவும் மினி லாரியாகவும் ஊருக்குள் பெருகிக்கொண்டே இருந்ததால் டேப்பட் வேலை குறையவில்லை.

மொபெட்டில் டேப்பட் வேலை புதிதாக வந்து சேர்ந்தது. 1980-இல் வந்த டிவிஎஸ் 50-க்கும் அதன் வழியில் வந்த எக்ஸ்எல்களுக்கும் வால்வே கிடையாது. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் அந்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கும். 2015-இல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தபோது வால்வும் அதோடு டேப்பட் சந்தும் மொபெட்டுக்குள் நுழைந்தன. பால் கேனும் புல்லுக்கட்டும் ஏற்றி ஓட்டுகிறவர்களில் பலர் இன்னமும் பழைய வண்டியைப் போலவே இதையும் நினைக்கிறார்கள்: ஓடுகிற வரை ஓடட்டும், நின்றால் பிளக்கைத் துடைப்போம் என்று. புது எஞ்சினுக்கு அது போதாது.

கேமுக்கும் வால்வுக்கும் நடுவே என்னென்ன நிற்கின்றன என்பது எஞ்சினின் அமைப்பைப் பொறுத்தது. பழைய பெட்ரோல்-மண்ணெண்ணெய் பம்புசெட்டுகளில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே தலைகீழாக நிற்கும். கேம், டேப்பட், வால்வுத் தண்டு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். இவற்றில் பலவற்றுக்குத் திருகே கிடையாது. சந்து குறைந்துபோனால் வால்வுத் தண்டின் அடியைக் கல்லில் தேய்த்துக் கூட்ட வேண்டும். அதிகம் தேய்த்துவிட்டால் திரும்ப வளர்க்க வழியில்லை. அடுத்த வகையில் கேம் கீழே பிளாக்கில் இருக்கும், வால்வுகள் மேலே ஹெட்டில் இருக்கும். டேப்பட் தள்ளும் அசைவை நீளமான புஷ் ராடு மேலே கொண்டுபோகும். ராக்கர் அதைத் திருப்பி வால்வின் மேல் அழுத்தும். ஏவி1, டிராக்டர் எஞ்சின்கள், பழைய அசோக் லேலண்ட் பஸ் எஞ்சின், பழைய புல்லட் எல்லாம் இந்த வகை. மூன்றாவது வகையில் கேமே ஹெட்டுக்கு ஏறிவிடுகிறது. புஷ் ராடு தேவையில்லை, ராக்கர் மட்டும் போதும். ஸ்ப்ளெண்டர் போன்ற பைக்குகள் இப்படி. கார்களில் பலவற்றில் ராக்கரும் இல்லை. கவிழ்த்த கிண்ணம் போன்ற பக்கெட் டேப்பட் வால்வின் தலையை மூடி உட்கார்ந்திருக்க, கேம் நேராக அதன் முதுகில் அழுத்தும். அங்கே சந்தைத் திருத்த, கணக்கான தடிமனுள்ள ஷிம் தகட்டை மாற்ற வேண்டும், அல்லது பக்கெட்டையே மாற்ற வேண்டும்.

பின்னால் சொல்லும் ஹைட்ராலிக் வகை நீங்கலாக, எந்த அமைப்பானாலும் ஒரு விதி மாறாது. ஓடும் சூட்டில் வால்வு மூடியிருக்கும்போது இந்தச் சங்கிலியில் எங்காவது ஓர் இடத்தில் சிறு சந்து இருந்தாக வேண்டும். காரணம் வெப்பம். சாதாரண எஃகுத் தண்டு 100 மி.மீ. நீளமிருந்தால், வெப்பம் 100 டிகிரி செல்சியஸ் கூடும்போது அது ஏறத்தாழ 0.12 மி.மீ. நீளும். பெட்ரோல் எஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வுத் தலை பாரம் இழுக்கும்போது 700 டிகிரியைத் தாண்டும். ஹெட்டும் பிளாக்கும்கூடச் சேர்ந்து நீளுவதால் இந்தக் கணக்கு முழுசாகச் சந்தில் கழிவதில்லை. ஆனாலும் வால்வு நீளுவதற்கு இடம் விடாமல் இறுக்கி வைத்தால், சூடேறியதும் ராக்கர் வால்வைச் சற்றே தூக்கியபடி நிற்கும். மூட வேண்டிய கதவு மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு இன்லெட்டைவிட அதிகம் சூடாவதால்தான் பல எஞ்சின்களில் எக்ஸாஸ்டுக்குக் கூடுதல் சந்து சொல்லியிருக்கும்.

அளவுகள் சிறியவை. நூறு சிசி பைக்குகளில் பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மி.மீ. வரை, அதாவது தலைமுடி ஒன்று நுழையும் இடம். மாசி பெர்குசன் டிராக்டர்களில் பேர்பெற்ற பெர்கின்ஸ் 3.152 மூன்று சிலிண்டர் டீசலுக்கு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.30 மி.மீ., சூட்டில் 0.25 மி.மீ. ஒரே எஞ்சினுக்கு இரண்டு அளவு இருப்பது அச்சுப்பிழை அல்ல, சூட்டில் 0.05 மி.மீ. தானே கழிந்துவிடும் என்பதன் கணக்கு அது.

பழைய வார்ப்பிரும்பு புல்லட் இதற்கு நேர்மாறு. திருவொற்றியூரில் செய்யப்பட்ட அந்த எஞ்சினில், குளிர்ந்த நிலையில் சந்தே வைக்கக் கூடாது. சூடேறும்போது உயரமான சிலிண்டரும் ஹெட்டும் மேல்நோக்கி நீண்டு, சந்து தானாகவே உண்டாகிவிடும். திருகு மேலே ராக்கரில் இல்லை. சிலிண்டரின் வலப்பக்க அடியில், ஒரே நட்டில் நிற்கும் சிறு மூடிக்குப் பின்னால், டேப்பட்டும் புஷ் ராடும் சேரும் இடத்தில் இருக்கிறது. சந்தை அளக்கும் மெல்லிய இலைகள் கொண்ட ஃபீலர் கேஜுக்கு அங்கே வேலையில்லை. புஷ் ராடை இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. விரல் நுனி அறியும் அந்த இடம்தான் அளவு.

சந்து தப்பினால் என்ன ஆகும் என்பதில் இரண்டு பக்கமும் சமமல்ல. கூடிப்போனால் ராக்கர் வெற்றிடத்தைக் கடந்து வந்து வால்வின் நுனியில் மோதுகிறது. அதுதான் டக்டக் சத்தம். வால்வு கொஞ்சம் தாமதமாகத் திறக்கிறது, கொஞ்சம் முன்னதாகவே மூடுகிறது, திறக்கும் உயரமும் குறைகிறது. எஞ்சின் மூச்சு கொஞ்சம் குறுகும். நாள்பட விட்டால் வால்வு நுனி நசுங்கும், ராக்கர் முகம் பள்ளமாகும். ஆனால் இதெல்லாம் மெதுவாக நடக்கும். சத்தமும் எச்சரித்துக்கொண்டே இருக்கும்.

குறைந்துபோனால் சத்தமே இராது. வால்வின் தலை வாங்கிய வெப்பத்தின் பெரும்பகுதி, வால்வு மூடி சீட்டில் பதிந்திருக்கும் அந்தச் சிறு நேரத்தில்தான் ஹெட்டுக்குள் இறங்குகிறது. சந்து இல்லாத வால்வு சீட்டில் சரியாகப் பதிவதில்லை. எனவே சூடு இறங்க வழியில்லை. போதாக்குறைக்கு, எரியும் வாயு அந்தக் கீற்று வழியே பீறிட்டு வால்வின் விளிம்பைச் சுடுகிறது. விளிம்பில் ஓர் இடம் கருகி, பிறகு அரிந்து, கடைசியில் ஒரு வெட்டு விழுகிறது. கிக்கரை மிதித்தால் காற்றை மிதிப்பதுபோல் லேசாக இறங்கும்; காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்; ஐடிலில் நிற்காது; ஏற்றத்தில் இழுக்காது. அதுவரை வண்டி அமைதியாகவே ஓடியிருக்கும்.

சந்து எந்தத் திசையில் மாறும் என்பதும் இதனோடு சேர்ந்தது. கேம், டேப்பட், ராக்கர், வால்வு நுனி ஆகியவை தேய்ந்தால் சந்து கூடும். வால்வு முகமும் சீட்டும் தேய்ந்தால் வால்வு ஹெட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதையும், அதன் நுனி ராக்கரை நோக்கி எழும், சந்து குறையும். கேஸில் ஓடும் எஞ்சின்களில் சீட் தேய்மானம் அதிகம்; எல்பிஜி கிட் மாட்டிய வண்டிக்கு டேப்பட்டை அடிக்கடி பார்க்கச் சொல்வது இதற்காகவே. ஆக, முன்பு லேசாகத் தட்டிக்கொண்டிருந்த எஞ்சின் தானாகவே சத்தம் அடங்கிப்போனால் அது குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வால்வு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டிக்காரர் ‘சத்தமே வரக் கூடாது’ என்று கேட்பார்; பட்டறைக்காரரும் திருகை அரைக்கால் சுற்று கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இருவருக்கும் அன்றைக்குத் திருப்தி. சில மாதத்தில் எக்ஸாஸ்ட் வால்வு கருகி ஹெட்டைக் கழற்றும்போது, அந்தத் திருப்பலை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டம், எஞ்சினைச் சோதிப்பதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. கிழக்கே உளுந்தூர்பேட்டை வரை சமவெளி. மேற்கே கல்வராயன் மலை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்கு அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர், மணிக்கணக்கில் முழுப் பாரத்தோடு குறைந்த வேகத்தில் ஊர்கிறது. கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைக் கடந்து கரியாலூர், வெள்ளிமலை என்று ஏறும் வண்டியோ இரண்டாம் கியரிலும் முதல் கியரிலும் மாறி மாறி உறுமுகிறது. வண்டியின் வேகம் குறைவு, எஞ்சினின் வேகம் அதிகம், எதிர்க்காற்று இல்லை. எக்ஸாஸ்ட் வால்வு உச்சச் சூட்டில் நிற்பது இப்படிப்பட்ட நேரத்தில்தான். சமவெளியில் தப்பித்துக்கொண்டிருந்த இறுக்கமான டேப்பட் மலை ஏறும்போது அகப்பட்டுக்கொள்ளும். கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 7, 8 விழுக்காடு குறைவு என்பதால் எஞ்சினின் இழுவை எப்படியும் கொஞ்சம் குறையும். அதன்மேல் வால்வும் கசிந்தால் பாரத்தோடு நின்றுவிடும்.

இறக்கம் வேறொன்றைக் காட்டிக்கொடுக்கும். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு கியரில் இறங்கும் பெட்ரோல் வண்டியில், மூடிய திராட்டிலுக்குப் பின்னால் வலுவான உறிஞ்சல் உண்டாகிறது. வால்வுத் தண்டு ஏறி இறங்கும் கைடு தேய்ந்திருந்தாலோ அதன் மேலுள்ள ஆயில் சீல் கெட்டிருந்தாலோ, அந்த உறிஞ்சல் ஆயிலைச் சிலிண்டருக்குள் இழுத்துவிடும். மலையடிவாரத்துக்கு வந்து ஆக்சிலேட்டரைத் திருகியதும் சைலன்சரில் நீலப்புகை ஒரு கொத்து வெளிவந்து நின்றுவிட்டால், கோளாறு பெரும்பாலும் பிஸ்டன் ரிங்கில் இல்லை, வால்வு சீலில்தான். ரிங் தேய்ந்த வண்டி முடுக்கும்போதெல்லாம் புகைக்கும். சீல் கெட்ட வண்டி இறக்கம் முடிந்ததும் புகைக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் போரிங் வேலைக்குப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு.

சத்தம் டேப்பட்டுடையதுதானா என்று தெரிந்துகொள்வதும் ஒரு வேலை. கேம் பாதி வேகத்தில் சுற்றுவதால் டேப்பட் ஒலி எஞ்சின் சுற்றின் பாதிக் கணக்கில், மெல்லிய உலோகத் தட்டலாக, மேலே ஹெட்டிலிருந்து வரும். டைமிங் செயின் ஒலி உரசலோடு சலசலக்கும். கனெக்டிங் ராடு பேரிங் அடித்தால் அது கீழிருந்து, பாரம் கூடும்போது கனமாக இடிக்கும். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மூடியில் வைத்துப் பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பது பட்டறைகளில் பழைய வழக்கம். ஓடும் பாகங்களில் படாமல் பார்த்துக்கொண்டால் அது நன்றாகவே வேலை செய்கிறது.

பைக்கில் டேப்பட் வைக்கும் முறை சுருக்கமானது, ஆனால் வரிசை தவறக் கூடாது. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். ராத்திரி நிறுத்திக் காலையில் பார்ப்பதே உத்தமம். ஸ்ப்ளெண்டர் வகையில் சிலிண்டர் படுத்தவாக்கில் இருப்பதால் இன்லெட்டின் மூடி மேலேயும் எக்ஸாஸ்டின் மூடி அடியிலும் இருக்கும். மேக்னெட் பக்கத்துச் சிறு மூடிகளைக் கழற்றி, கிராங்கை மெல்லத் திருப்பி, ஃப்ளைவீலில் உள்ள ‘டி’ குறி கோட்டுக்கு நேராக வரும்படி நிறுத்த வேண்டும். பிஸ்டன் இப்போது டாப்பில் இருக்கிறது. ஆனால் நான்கு ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இரண்டு முறை டாப்புக்கு வருகிறது: ஒருமுறை அழுத்தத்தின் முடிவில், ஒருமுறை புகை வெளியேறி முடியும்போது. முதல் டாப்பில்தான் இரண்டு வால்வும் முழுக்க மூடியிருக்கும், இரண்டு ராக்கரும் விரலுக்கு லேசாக ஆடும். ஆடவில்லை என்றால் மற்ற டாப்பில் நிற்கிறது. இன்னும் ஒரு முழுச் சுற்று திருப்ப வேண்டும். இதைப் பார்க்காமல் வைப்பதுதான் புதிதாகக் கற்பவர்கள் செய்யும் பெரிய தவறு.

பிறகு கணக்கான தடிமனுள்ள ஃபீலர் கேஜ் இலையை வால்வு நுனிக்கும் திருகுக்கும் நடுவே நுழைக்க வேண்டும். இலை விழுந்துவிடவும் கூடாது, இழுத்தால் வளையவும் கூடாது. எண்ணெய் பூசிய இரண்டு தகட்டுக்கு நடுவே இழுப்பதுபோல் லேசான பிடிப்போடு வர வேண்டும். திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கி, இலையை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே கொஞ்சம் நகர்ந்து சந்தைக் குறைத்துவிடும் என்பதால் இந்த இரண்டாம் பார்வையை விடக் கூடாது. கேஜ் இல்லாமல் கைக்கணக்கில் வைக்கும் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையும்கூட 0.05-க்கும் 0.10-க்கும் தடுமாறும்; இலையின் விலை ஒரு வால்வின் விலையைவிடக் குறைவு.

பல சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனுக்கும் டாப் தேடுவது நேரம் தின்னும். அதற்கு மெக்கானிக்குகள் கையாளும் வழி ‘ராக்கிங்’. பஸ், லாரிகளின் ஆறு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் 1-5-3-6-2-4 என்ற வரிசையில் எரிகிறது. இதில் 1-ம் 6-ம் ஒரு ஜோடி, 5-ம் 2-ம் ஒரு ஜோடி, 3-ம் 4-ம் ஒரு ஜோடி. ஜோடியில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஆறாவது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டே இன்லெட் திறக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில், அதன் இரண்டு ராக்கரும் எதிரெதிராக அசையும். அப்போது முதல் சிலிண்டர் அழுத்தத்தின் டாப்பில் நிற்கிறது. அதன் டேப்பட்டை வைக்கலாம். நான்கு சிலிண்டருக்கு இதையே வேறு விதமாகவும் செய்வார்கள்: எட்டு வால்வுக்கும் முன்னிருந்து எண் போட்டு, எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வு, ஏழு திறந்திருக்கும்போது இரண்டு என்று, கூட்டுத்தொகை ஒன்பது வரும்படி போவது. பன்னிரண்டு வால்வுள்ள ஆறு சிலிண்டருக்குக் கூட்டுத்தொகை பதிமூன்று. வால்வுகள் இருபுறமும் ஒத்து அடுக்கப்பட்ட எஞ்சின்களுக்கு மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும்.

சந்தை அடியோடு ஒழிக்கும் ஏற்பாடும் உண்டு. ஹைட்ராலிக் டேப்பட்டுக்குள் ஒரு சிறு பிளஞ்சரும் ஸ்பிரிங்கும் ஒருவழிக் குண்டு வால்வும் இருக்கும். வால்வு மூடியிருக்கும்போது ஆயில் உள்ளே நிறைந்து பிளஞ்சரை மேலே தள்ளிச் சந்தை நிரப்புகிறது. கேம் அழுத்தும்போது குண்டு அடைத்துக்கொள்வதால் ஆயில் வெளியேற முடியாமல் அது கெட்டிக் கட்டைபோல் நிற்கிறது. 1930-இல் காடிலாக் தன் பதினாறு சிலிண்டர் காரில் வால்வுச் சத்தத்தை அடக்க ஆயில் அழுத்தத்தைப் பயன்படுத்தியது. நம்மூர் பைக்குகளில் இதைப் பரவலாக்கியவை ராயல் என்ஃபீல்டின் யூசிஇ எஞ்சின் புல்லட்டுகளும் கிளாசிக்குகளும். அவற்றில் டேப்பட் வைக்க வேண்டியதே இல்லை. ஆனால் 2020-இல் மீட்டியோரோடு வந்த அடுத்த தலைமுறை எஞ்சினில் கம்பெனி மறுபடி திருகுக்கும் லாக் நட்டுக்கும் திரும்பிவிட்டது. யூசிஇ வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி தட்டல் கேட்டு அடங்கினால், இரவில் வடிந்த ஆயில் மறுபடி நிறைகிறது என்று பொருள். அடங்காமல் தொடர்ந்தால் ஆயில் பழசாகிவிட்டது, அல்லது குறைந்துவிட்டது, அல்லது டேப்பட்டே அடைத்துவிட்டது. அதைத் திருகிச் சரிசெய்ய முடியாது.

டேப்பட்டின் அடி முகமும் கேமும் சந்திக்கும் கோடு எஞ்சினிலேயே மிகக் கடுமையான அழுத்தத்தைத் தாங்கும் இடங்களில் ஒன்று. அதனால் தட்டை டேப்பட்டை முகம் மட்டும் திடீரென்று குளிர்ந்து இறுகும்படி வார்க்கிறார்கள். தட்டை என்று சொன்னாலும் முகம் மிக லேசாகக் குவிந்திருக்கும். கேமும் லேசாகச் சாய்ந்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு தட்டலிலும் டேப்பட்டைக் கொஞ்சம் சுழற்றிவிடுவதால் தேய்மானம் ஒரே இடத்தில் விழுவதில்லை. கழற்றிய டேப்பட்டின் முகத்தில் வட்டமாகச் சீரான மெருகு தெரிந்தால் அது சுழன்றிருக்கிறது. ஒரு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தால் சிக்கி நின்றுவிட்டது, கேமும் கெட்டிருக்கும். இந்தக் கோட்டில் ஆயில் படலம் அறுந்துபோகும் நேரத்துக்குத் துணையாக, எஞ்சின் ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு சேர்மம் கலக்கப்படுகிறது. ஆயிலை மாற்றாமல் மேலே மேலே ஊற்றிக்கொண்டே போனால் அந்தச் சேர்மம் தீர்ந்துபோன பழைய ஆயிலில்தான் டேப்பட் ஓட வேண்டியிருக்கும்.

இந்த உறுப்புகளைச் செய்வதில் தமிழ்நாட்டுக்குப் பழைய பங்கு உண்டு. 1959-இல் சென்னையில் தொடங்கிய எஞ்சின் வால்வ்ஸ் நிறுவனம் பிறகு ரானே எஞ்சின் வால்வ் என்று பெயர்பெற்று, வால்வுகளோடு வால்வு கைடுகளையும் டேப்பட்டுகளையும் செய்தது; திருச்சியிலும் ஆலை அமைத்தது. கள்ளக்குறிச்சி ஸ்பேர்ஸ் கடையில் பெட்டி திறக்கப்படும் வால்வு அதிக தூரம் பயணப்பட்டு வந்ததாக இருக்க வேண்டியதில்லை.

சந்தைச் சரியாக வைத்தும் கம்ப்ரஷன் வரவில்லை என்றால் டேப்பட் வேலை முடிந்தது, ஹெட் வேலை தொடங்குகிறது. ஹெட்டை இறக்கி, ஸ்பிரிங்கை அழுத்திப் பூட்டுகளை எடுத்து, வால்வைக் கழற்றிப் பார்க்க வேண்டும். விளிம்பு கருகாமல் முகத்தில் சிறு புள்ளிகள் மட்டும் இருந்தால் வால்வு பேஸ்ட் தடவி, தண்டைக் கையில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, சீட்டோடு சேர்த்துத் தேய்ப்பார்கள். சீட் பள்ளமாகியிருந்தால் பெரும்பாலும் 45 பாகைக் கோணத்தில் கட்டர் போட வேண்டும்; பிறகுதான் தேய்ப்பு. முடிவில் இரண்டு முகத்திலும் முறியாத சாம்பல்நிற வளையம் ஒன்று தெரிய வேண்டும். பேஸ்ட் துளிகூட மிஞ்சாமல் கழுவி, வால்வைப் பூட்டி, ஹெட்டைச் சாய்த்து போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் வைத்தால், கசிகிற வால்வின் விளிம்பில் ஈரம் தெரியும். தேய்த்ததால் வால்வு சற்றே உள்ளே போயிருக்கும், சந்து குறைந்திருக்கும். எனவே ஹெட்டை ஏற்றியதும் டேப்பட்டைப் புதிதாக வைத்தாக வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கேஸ்கெட் படிந்து ஹெட் இன்னும் ஒரு துளி இறங்கும். அப்போது எஞ்சின் குளிர்ந்த பிறகு ஹெட் நட்டுகளை அளவோடு இறுக்கிவிட்டு, டேப்பட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஹெட் வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் பலர் இந்தக் கடைசிப் பார்வைக்கு வண்டியைக் கொண்டுவருவதே இல்லை.